ஸ்டாப் பட்டன் இல்லாத இயந்திரம்: முதல் உலகப் போர், தொடக்கம் முதல் முடிவு வரை



போன செமஸ்டரில் எங்கள் டீம் ஒரு சின்ன கன்வேயர் பெல்ட் செய்தோம். ஸ்டார்ட் ஆகும், வேகம் கூடும், குறையும், மேலே போகும் பொருளை எண்ணும். ரிவ்யூவுக்கு முந்தின நாள் லேப் அண்ணன் வந்து பார்த்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, யாராவது கை மாட்டிக்கிட்டா இதை எப்படி நிறுத்துவீங்க?" நாங்க நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். ஓட வைப்பதைப் பற்றி மூணு மாசம் யோசித்த நாங்கள், நிறுத்துவதைப் பற்றி ஒரு நாள்கூட யோசிக்கவில்லை.

அதே வாரம் ஒரு க்விஸ் போட்டிக்காக முதல் உலகப் போரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்க அந்த அண்ணனின் கேள்விதான் மண்டைக்குள் ஓடியது.

பள்ளியில் இதை நான் இங்கிலீஷில் படித்தேன். ஐந்து மார்க் கேள்வி. ஏகாதிபத்தியம், தேசியவாதம், ராணுவவாதம், ரகசியக் கூட்டணிகள், உடனடிக் காரணம் சராயேவோ கொலை. எழுதினா ஃபுல் மார்க். ஆனால் ஒரு விஷயம் மட்டும் கடைசி வரை புரியவே இல்லை. ஆஸ்திரிய இளவரசரை ஒரு செர்பியப் பையன் சுட்டான். சரி. அதுக்கு எதுக்கு ஜெர்மனி போய் பெல்ஜியத்துல குண்டு போட்டுச்சு?

உங்களுக்கும் அந்தச் சந்தேகம் இருந்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். தேதிகள் வரும், மனப்பாடம் செய்ய வேண்டாம். எது எதைத் தள்ளிவிட்டது என்று மட்டும் கவனியுங்கள்.

1. முப்பத்தேழு நாட்கள்

1914 ஜூன் 28. போஸ்னியாவின் தலைநகர் சராயேவோ. ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசின் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டும் அவர் மனைவி சோஃபியும் காரில் ஊர்வலமாகப் போகிறார்கள். காலையிலேயே ஒருவன் குண்டு வீசினான். அது குறி தப்பிப் பின்னால் வந்த காரில் வெடித்தது. இளவரசர் விழாவை முடித்துவிட்டு, காயம்பட்டவர்களைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். பாதை மாற்றிய விஷயத்தை யாரும் டிரைவரிடம் சரியாகச் சொல்லவில்லை. அவர் பழைய பாதையிலேயே திரும்பினார். தப்பு என்று கத்தியதும் பிரேக் போட்டார். கார் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே காவ்ரிலோ பிரின்சிப் நின்றுகொண்டிருந்தான். இரண்டு தோட்டா. இருவரும் இறந்தார்கள்.

பிரின்சிப்புக்கு அப்போது வயது 19. நம்ம செகண்ட் இயர் ஜூனியர் வயசு.

இது வரைக்கும் இது ஒரு கொலை வழக்கு. இதை உலகப் போராக மாற்றியது அடுத்த ஐந்து வாரம்.

ஆஸ்திரியா செர்பியாவைத் தண்டிக்க நினைத்தது. செர்பியாவுக்குப் பின்னால் ரஷ்யா இருந்தது. அதனால் ஆஸ்திரியா ஜெர்மனியிடம் கேட்டது. ஜூலை முதல் வாரம் ஜெர்மனி, "நீங்க என்ன செஞ்சாலும் நாங்க இருக்கோம்" என்கிற மாதிரி வாக்குக் கொடுத்துவிட்டது. தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுத் தந்த செக் மாதிரி. ஜூலை 23 அன்று ஆஸ்திரியா செர்பியாவுக்கு இறுதி எச்சரிக்கை அனுப்பியது. பதில் சொல்ல 48 மணி நேரம். செர்பியா பெரும்பாலான நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டது, எல்லாவற்றையும் அல்ல. ஜூலை 28 அன்று ஆஸ்திரியா போர் அறிவித்தது.

இங்கேதான் ரயில் வருகிறது. அந்தக் காலத்தில் லட்சக்கணக்கான வீரர்களை எல்லைக்குக் கொண்டுபோக ரயிலை விட்டால் வேறு வழி கிடையாது. ஒவ்வொரு நாட்டுத் தளபதிகளும் வருடக்கணக்கில் உட்கார்ந்து கால அட்டவணை போட்டு வைத்திருந்தார்கள். எந்த ரயில், எந்தப் பாலம், எத்தனை மணி. ஒரு ரயில் லேட்டானால் பின்னால் வரும் எல்லாம் குழம்பும்.

ஜெர்மனியின் கவலை இதுதான்: மேற்கே பிரான்ஸ், கிழக்கே ரஷ்யா, இரண்டும் கூட்டாளிகள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அடி வாங்க முடியாது. ரஷ்யா பெரிய நாடு, ரயில் பாதை குறைவு, படை திரட்ட ஆறு வாரமாவது ஆகும். அதற்குள் முழு பலத்தோடு பிரான்ஸை முடித்துவிட்டு, அப்புறம் ரயிலேறிக் கிழக்கே திரும்ப வேண்டும். பிரான்ஸின் எல்லையில் பலமான கோட்டைகள் இருந்தன. ஆகவே சுற்றி வளைத்துப் போக வேண்டும். சுற்று வழி எது? பெல்ஜியம்.

புரியுதா? ரஷ்யா படை திரட்ட ஆரம்பித்தால் ஜெர்மனியின் ஆறு வாரக் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். கடிகாரம் ஓடினால் ஜெர்மனி உடனே பெல்ஜியத்துக்குள் நுழைந்தே ஆக வேண்டும். பெல்ஜியத்தின் நடுநிலைக்கு 1839-லேயே உத்தரவாதம் தந்த நாடுகளில் பிரிட்டன் ஒன்று. அது வந்தால் பிரிட்டனின் பேரரசு முழுவதும் வரும், இந்தியா உட்பட. என் ஐந்து மார்க் பதிலில் இல்லாத கண்ணி இதுதான்.

இதில் என்னை உலுக்கியது, இரண்டு பேரரசர்கள் நிறுத்தப் பார்த்தார்கள் என்பது. ரஷ்யப் பேரரசர் நிக்கோலஸும் ஜெர்மன் பேரரசர் வில்ஹெல்மும் உறவினர்கள். கடைசி நாட்களில் ஒருவருக்கொருவர் தந்தி அடித்துக்கொண்டார்கள், அதுவும் செல்லப் பெயரில் கையெழுத்துப் போட்டு. ஜூலை 29 அன்று வில்ஹெல்மின் தந்தியைப் பார்த்த நிக்கோலஸ், முழுப் படைதிரட்டல் உத்தரவை வாபஸ் வாங்கினார். அவருடைய தளபதிகள் துடித்துப் போனார்கள். பாதிப் படையை மட்டும் திரட்டினால் முழுத் திட்டமும் பாழாகும் என்று வாதாடினார்கள். மறுநாளே அவர் மறுபடி சம்மதித்துவிட்டார்.

ஆகஸ்ட் 1 அன்று வில்ஹெல்மின் முறை. பிரிட்டனும் பிரான்ஸும் ஒதுங்கி நிற்கலாம் என்று ஒரு தகவல் வந்தது. சந்தோஷத்தில் அவர் தலைமைத் தளபதி மோல்ட்கேவைக் கூப்பிட்டு, "அப்படின்னா மொத்தப் படையையும் கிழக்கே திருப்பிடலாம்" என்றார். மோல்ட்கே முடியாது என்றார். சுமார் 11,000 ரயில்களுக்குப் போட்ட திட்டம். திருப்பினால் அங்கே போய்ச் சேருவது ராணுவம் இல்லை, சாப்பாடு இல்லாத ஒரு கூட்டம்தான் என்று விளக்கினார். கொஞ்ச நேரத்தில் அந்தத் தகவலே தவறு என்று தெரிந்தது. ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. அன்றே பிரிட்டன் போர் அறிவித்தது.

ஜூன் 28-இல் இருந்து எண்ணினால் 37 நாள். ஸ்டார்ட் பட்டனை நிறைய பேர் அழுத்தினார்கள். நிறுத்த நினைத்தபோதுதான் அப்படி ஒரு பட்டனே திட்டத்தில் இல்லை என்பது தெரிந்தது.

2. ஆறு வாரத் திட்டம்

திட்டம் முதலில் வேலை செய்தது. ஜெர்மன் படை பெல்ஜியம் வழியாக பிரான்ஸுக்குள் வேகமாக இறங்கியது. ஆனால் வீரர்கள் மனிதர்கள். ரயில் எல்லை வரைக்கும்தான். அதற்கு மேல் கொளுத்தும் வெயிலில் ஒரு மாதம் நடந்து களைத்திருந்தார்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் பாரிஸுக்குப் பக்கத்தில் மார்ன் ஆற்றங்கரையில் பிரெஞ்சுப் படையும் பிரிட்டிஷ் படையும் திருப்பி அடித்தன. பாரிஸ் டாக்சிகளில் வீரர்களை ஏற்றி முனைக்கு அனுப்பிய கதை நடந்தது அப்போதுதான். ஜெர்மன் படை பின்வாங்கிக் குழி தோண்டி உட்கார்ந்தது. ஆறு வாரத் திட்டம் அங்கேயே முடிந்தது.

கிழக்கே ரஷ்யா எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் ஆகஸ்ட் கடைசியில் டானன்பர்க்கில் ஒரு முழு ரஷ்யப் படையே நொறுங்கியது. ஒரு காரணம் நம்ம இசிஇ ஆட்களுக்குப் பிடிக்கும். ரஷ்யர்கள் வயர்லெஸ்ஸில் தங்கள் திட்டங்களைச் சங்கேத மொழி இல்லாமல் அப்படியே அனுப்பினார்கள். ஜெர்மானியர்கள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதே செப்டம்பரில் போர் நம்ம ஊருக்கும் வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக் கடற்கரைக்கு அருகில் வந்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. சுமார் அரை மணி நேரம். பதில் தாக்குதல் சரியாகத் தொடங்கும் முன்பே கிளம்பிவிட்டது. ஊரே பயத்தில் காலியானது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை வீழ்த்தியது. கப்பல் போய்விட்டது, பெயர் மட்டும் தமிழில் தங்கிவிட்டது. "அவன் சரியான எம்டன்" என்று தாத்தா யாரையாவது சொல்லும்போது அது ஏதோ கெட்ட வார்த்தை என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். சென்னை உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் அந்த இரவின் நினைவாக ஒரு கல்வெட்டு இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் பாருங்கள்.

இந்தியாவில் இருந்து 13 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இந்தப் போருக்கு அனுப்பப்பட்டார்கள். பிரான்ஸின் குளிரிலும், இன்றைய ஈராக்கான மெசபடோமியாவின் வெயிலிலும், கலிப்பொலியிலும், கிழக்கு ஆப்பிரிக்காவிலும் இருந்தார்கள். 74,000 பேருக்கு மேல் திரும்பவில்லை.

3. ஏன் யாராலும் நகர முடியவில்லை?

1914 முடிவதற்குள் சுவிட்சர்லாந்து எல்லையில் இருந்து வடகடல் வரை சுமார் 700 கிலோமீட்டருக்குப் பதுங்குகுழிகள். அடுத்த மூன்றரை வருடம் அந்தக் கோடு பெரிதாக நகரவே இல்லை. ஏன்? தளபதிகள் எல்லாரும் முட்டாள்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நான் அதை நம்பவில்லை. இதை ஒரு சிஸ்டமாகப் பாருங்கள்.

தற்காப்பவனிடம் இருப்பது: இயந்திரத் துப்பாக்கி, முள்கம்பி, ஆழமான குழி, அவனுக்குப் பின்னாலேயே ரயில் பாதை. தாக்குபவனிடம் இருப்பது: பீரங்கி, கால்கள். பீரங்கியால் அடித்து முதல் வரிசையைப் பிடித்துவிடலாம், பல தடவை பிடித்தும் இருக்கிறார்கள். பிரச்சினை அடுத்த கட்டத்தில். தாக்குபவன் தன் பீரங்கியே கிளறிப்போட்ட சேற்றில் நடந்து முன்னேற வேண்டும். பீரங்கியை இழுத்து வருவதற்கும் அதே சேறுதான். தற்காப்பவனோ உதவிப் படையை ரயிலில் கொண்டுவந்து ஓட்டையை அடைத்துவிடுவான். நடக்கிறவனுக்கும் ரயிலில் வருகிறவனுக்கும் போட்டி வைத்தால் யார் ஜெயிப்பார்கள்?

இன்னொன்று, ஃபீட்பேக். தாக்குதல் தொடங்கியதும் டெலிபோன் வயர் அறுந்துவிடும். வீரன் சுமந்து போகிற அளவுக்குச் சின்ன வயர்லெஸ் கிடையாது. ஓடிப்போய்ச் சொல்லும் ஆட்களும் புறாக்களும்தான். முனையில் என்ன நடக்கிறது என்று தளபதிக்குத் தெரியவே பல மணி நேரம் ஆகும். தகவல் வந்து சேரும்போது நிலைமை மாறியிருக்கும். பழைய தகவலை வைத்துப் புது உத்தரவு. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் எழுதினவங்களுக்கு இது எங்கே போய் முடியும்னு தெரியும்.

இந்தச் சுவரை உடைக்கப் பக்கவாட்டிலும் முயன்றார்கள். 1915 ஏப்ரலில் துருக்கியின் கலிப்பொலியில் நேச நாட்டுப் படைகள் இறங்கின. கடற்கரையைத் தாண்ட முடியாமல் 1916 ஜனவரியில் வெளியேறின. இத்தாலி 1915 மே மாதம் நேச நாடுகள் பக்கம் சேர்ந்தது. ஆல்ப்ஸ் மலையில் இன்னொரு முட்டுச்சந்து உருவானதுதான் மிச்சம். அதே ஆண்டு ஒட்டோமான் பேரரசில் ஆர்மேனியர்கள் லட்சக்கணக்கில் விரட்டப்பட்டுக் கொல்லப்பட்டார்கள்.

4. ஒரு கெமிஸ்ட்

இந்தப் பகுதியை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். ஆனால் நம்மைப் போன்றவர்கள் தவறாமல் படிக்க வேண்டியது இதுதான்.

வெடிமருந்துக்கு நைட்ரேட் வேண்டும். ஜெர்மனிக்கு அது சிலி நாட்டில் இருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. பிரிட்டிஷ் கடற்படை கடலை அடைத்துவிட்டது. கணக்குப்படி ஜெர்மனியின் குண்டுகள் சீக்கிரம் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. காரணம் ஃபிரிட்ஸ் ஹேபர். காற்றில் இருக்கும் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா செய்யும் அவருடைய முறையை கார்ல் பாஷ் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்திருந்தார். ஓப்பாவ் என்ற இடத்தில் ஆலை 1913-லேயே ஓடத் தொடங்கியது. அம்மோனியாவில் இருந்து உரம் செய்யலாம். நைட்ரிக் அமிலம் செய்து வெடிமருந்தும் செய்யலாம். பன்னிரண்டாம் வகுப்பில் ஹேபர் முறைக்கு வெப்பநிலை, அழுத்தம், வினையூக்கி என்று எல்லாம் எழுதினோம். அது ஒரு போரின் ஆயுளை நீட்டியது என்று யாரும் சொல்லவில்லை.

ஹேபர் அதோடு நிற்கவில்லை. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரே ஊருக்கு அருகில், அவர் மேற்பார்வையில், 150 டன்னுக்கு மேல் குளோரின் வாயுவைக் காற்றில் திறந்துவிட்டார்கள். எதிரே இருந்த பிரெஞ்சு வீரர்களும், பிரான்ஸுக்காகப் போரிட்ட அல்ஜீரியர்களும் மூச்சுத் திணறி ஓடினார்கள், விழுந்தார்கள். சில மாதங்களில் பிரிட்டனும் வாயுவைப் பயன்படுத்தியது. ஒருத்தன் ஆரம்பிச்சா இன்னொருத்தன் சும்மா இருப்பானா?

ஹேபரின் மனைவி கிளாரா இம்மர்வாரும் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். ஈப்ரே தாக்குதலுக்குப் பத்து நாள் கழித்து, மே 2 அன்று, தற்கொலை செய்துகொண்டார். காரணத்தை ஒரே வரியில் சொல்ல வரலாற்றாசிரியர்கள் தயங்குகிறார்கள். நானும் சொல்லவில்லை. மறுநாளே ஹேபர் கிழக்கு முனைக்குக் கிளம்பிப் போனார் என்பது மட்டும் தெரியும்.

அவருக்கே 1918-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது, அம்மோனியாவுக்காக. இன்று உலகத்தில் ஏறக்குறைய பாதிப் பேரின் சாப்பாடு அந்த உரத்தை நம்பி இருக்கிறது. நல்லவரா, கெட்டவரா? எனக்கு விடை தெரியவில்லை. ஆனால் "நான் செய்றது வெறும் டெக்னாலஜி, யூஸ் பண்றது அவங்க பாடு" என்று சொல்லும்போதெல்லாம் இவர் ஞாபகம் வருகிறார். ஈப்ரேயில் சிலிண்டர் பக்கத்தில் அவரேதான் நின்றார்.

5. 1916: எண்ணிக்கையால் ஜெயிக்கப் பார்த்த வருடம்

பிப்ரவரி 21 அன்று ஜெர்மனி வெர்டன் என்ற பிரெஞ்சுக் கோட்டை நகரத்தைத் தாக்கியது. பிரான்ஸ் அந்த ஊரை விடாது, விடாமல் பிடித்து ரத்தம் இழக்கும் என்ற கணக்கு. பிரான்ஸ் விடவில்லை. டிசம்பர் வரை நடந்தது. செத்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் எல்லாம் சேர்த்து இரு பக்கமும் சுமார் 7 லட்சம். கோடு கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது.

ஜூலை 1 அன்று சோம் ஆற்றங்கரையில் பிரிட்டன் தாக்கியது. ஒரு வாரம் இடைவிடாமல் சுமார் 15 லட்சம் குண்டுகள் போட்டபிறகு எதிரில் உயிரே இருக்காது என்று நம்பினார்கள். ஆனால் பல குண்டுகள் வெடிக்கவில்லை. வெடித்தவை பல இடங்களில் முள்கம்பியை அறுக்கவில்லை. ஜெர்மானியர்கள் ஆழக் குழிகளில் பத்திரமாக இருந்தார்கள். அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் 57,470 பேர் வீழ்ந்தார்கள், அதில் இறந்தவர்கள் 19,240. நம்ம காலேஜ் மாதிரி நாலஞ்சு காலேஜ் மொத்தமும் ஒரு பகலில் காலி என்று நினைத்துப் பாருங்கள். அதற்கு அப்புறமும் தாக்குதல் நிற்கவில்லை. நவம்பர் வரை போனது. முன்னேறியது அதிகபட்சம் சுமார் 10 கிலோமீட்டர். செப்டம்பர் 15 அன்று டாங்கிகள் முதன்முதலாகக் களமிறங்கின. பாதி வழியிலேயே பல நின்றுவிட்டன. ஆனால் முள்கம்பிக்கு மேல் ஏறிப் போகும் ஒரு வண்டி வந்துவிட்டது என்பது எல்லாருக்கும் புரிந்தது.

நிறுத்தலாமே என்று ஏன் தோன்றவில்லை? தோன்றியது. 1916 டிசம்பரில் ஜெர்மனியும் அமெரிக்க ஜனாதிபதி வில்சனும் தனித்தனியாகப் பேச்சை எடுத்தார்கள். எதுவும் நடக்கவில்லை. இவ்வளவு பேர் செத்த பிறகு வெறும் கையோடு வீட்டுக்குப் போக எந்த அரசுக்கும் தைரியம் இல்லை. செலவழித்தது அதிகமாக ஆக, விடுவது கஷ்டமாகிவிடும். அரியர் வைத்த பேப்பருக்கு நாலாவது தடவை ஃபீஸ் கட்டும் மனநிலைதான். ஆனால் இங்கே ஃபீஸ் மனித உயிர்.

6. 1917: இரண்டு திருப்பங்கள்

முதல் திருப்பம் அமெரிக்கா. பட்டினியில் இருந்த ஜெர்மனி, பிரிட்டனையும் பட்டினி போட நினைத்தது. பிப்ரவரி 1 முதல் எந்த நாட்டுக் கப்பலாக இருந்தாலும் எச்சரிக்கை இல்லாமல் நீர்மூழ்கிகள் மூழ்கடிக்கும் என்று அறிவித்தது. கூடவே வெளியுறவு அமைச்சர் சிம்மர்மன் மெக்சிகோவுக்கு ஒரு ரகசியத் தந்தி அனுப்பினார்: அமெரிக்கா போருக்கு வந்தால் நீங்கள் எங்களோடு சேருங்கள், டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனாவைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் கடற்படையின் 'அறை 40' குழு அந்தச் சங்கேதத்தை உடைத்தது. ஏப்ரல் 6 அன்று அமெரிக்கா போர் அறிவித்தது.

இரண்டாவது திருப்பம் ரஷ்யா. ரொட்டிக்கு வரிசையில் நின்ற பெண்களும் தொழிலாளர்களும் தலைநகரில் தெருவில் இறங்கினார்கள். மார்ச்சில் நிக்கோலஸ் முடி துறந்தார். புதிய அரசும் போரைத் தொடர்ந்தது, அதுவே அதற்கு வினையானது. நவம்பரில் லெனின் ஆட்சியைப் பிடித்தார். 1918 மார்ச் 3 அன்று பிரெஸ்ட்-லிடோவ்ஸ்க் ஒப்பந்தத்தில் ரஷ்யா பெரிய நிலப்பரப்பை விட்டுக்கொடுத்துப் போரில் இருந்து வெளியேறியது. பிரெஞ்சுப் படையிலும் அந்த ஆண்டு பல பிரிவுகள், "குழியைக் காக்கிறோம், ஆனா இனிமே வீண் தாக்குதலுக்குப் போக மாட்டோம்" என்று மறுத்தன.

7. 1918: பூட்டு திறந்தது

அமெரிக்கப் படை முழுசாக வந்து சேரும் முன் ஜெயித்துவிட வேண்டும் என்று ஜெர்மனி மார்ச் 21 அன்று தன் கடைசிப் பெரிய தாக்குதலைத் தொடங்கியது. சின்னச் சின்னக் குழுக்களாகப் பலவீனமான இடத்தில் ஊடுருவும் புது முறை. வேகமாக முன்னேறினார்கள். ஆனால் சாப்பாடும் குண்டும் பின்னால் வந்து சேரவில்லை. பழைய வியாதிதான்.

ஆகஸ்ட் 8 அன்று அமியான் நகருக்குக் கிழக்கே நேச நாடுகள் திருப்பி அடித்தன. இந்தத் தடவை நீண்ட முன்னெச்சரிக்கைக் குண்டுமழை இல்லை. டாங்கி, விமானம், பீரங்கி, காலாட்படை எல்லாம் ஒரே நேரத்தில். எதிரியின் பீரங்கிகள் எங்கே இருக்கின்றன என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்திருந்தது. எப்படி? ஒலியை வைத்து. மைக்ரோஃபோன்களை வரிசையாக வைத்து, பீரங்கிச் சத்தம் ஒவ்வொன்றுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தை அளந்து, பீரங்கி இருக்கும் இடத்தைக் கணக்கிட்டார்கள். இந்த வேலையை பிரிட்டிஷ் தரப்பில் முன்னெடுத்தவர் லாரன்ஸ் பிராக். எக்ஸ்-ரே படிகங்களுக்கு நாம் எழுதும் அதே பிராக் விதிதான். 1915-இல் 25 வயதில் நோபல் பரிசு பெற்றபோது அவர் ராணுவத்தில் இருந்தார். அதற்குச் சில வாரம் முன்புதான் அவருடைய தம்பி கலிப்பொலியில் இறந்திருந்தார்.

அமியானுக்குப் பிறகு ஜெர்மன் படை பின்வாங்கிக்கொண்டே இருந்தது. கூட்டாளிகள் ஒவ்வொருவராக விழுந்தார்கள்: செப்டம்பர் 29 பல்கேரியா, அக்டோபர் 30 ஒட்டோமான் பேரரசு, நவம்பர் 3 ஆஸ்திரியா-ஹங்கேரி. கீல் துறைமுகத்தில் மாலுமிகள் கிளர்ந்தெழுந்தார்கள். நவம்பர் 9 அன்று வில்ஹெல்ம் பதவி இழந்தார்.

8. கடைசி ஆறு மணி நேரம்

1918 நவம்பர் 11, அதிகாலை ஐந்து மணி தாண்டியதும், பிரான்ஸின் கம்பியேன் காட்டில் நின்ற ஒரு ரயில் பெட்டியில் போர்நிறுத்தம் கையெழுத்தானது. அமலுக்கு வருவது காலை 11 மணிக்கு. பேச்சு நடக்கும்போதாவது சண்டையை நிறுத்துங்கள் என்று ஜெர்மன் தரப்பு முன்பே கேட்டிருந்தது. நேச நாட்டுத் தளபதி ஃபோஷ் மறுத்துவிட்டார். அந்த ஆறு மணி நேரமும் சண்டை நடந்தது. நேரம் முடியப்போகிறது என்று தெரிந்தும் சில அதிகாரிகள் தாக்குதலுக்கு உத்தரவிட்டார்கள். அன்று மட்டும் இரு தரப்பிலும் சுமார் 2,700 பேர் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். ஹென்றி கன்தர் என்ற அமெரிக்க வீரர் 10:59-க்கு இறந்தார். எதிரில் இருந்த ஜெர்மானியர்கள் "வராதே, திரும்பிப் போ" என்று கையசைத்தும் அவர் முன்னேறினார்.

எனக்கு மொத்தப் போரிலும் மறக்க முடியாத எண் இதுதான். நிறுத்துவது என்று முடிவான பிறகும், கையெழுத்துப் போட்ட பிறகும், நிறுத்த ஆறு மணி நேரம்.

9. அமைதியா, இடைவேளையா?

போர் நின்றதும் அமைதி வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு வேலை. 1919 ஜனவரியில் பாரிஸில் மாநாடு தொடங்கியது. தோற்ற நாடுகளைப் பேச்சுக்குக் கூப்பிடவில்லை. ரஷ்யாவும் இல்லை. கடல் முற்றுகை ஜூலை வரை நீடித்தது. 1919 ஜூன் 28 அன்று வெர்சாய் அரண்மனையில் ஜெர்மனி கையெழுத்திட்டது. தேதியைக் கவனித்தீர்களா? சராயேவோ கொலை நடந்து சரியாக ஐந்து வருடம்.

ஜெர்மனி நிலப்பரப்பில் சுமார் 13 சதவீதத்தை இழந்தது. படை ஒரு லட்சம் பேருக்கு மேல் இருக்கக் கூடாது. இழப்புகளுக்கான பொறுப்பை ஏற்க வேண்டும், இழப்பீடு தர வேண்டும். 1921-இல் அந்தத் தொகை 13,200 கோடி தங்க மார்க் என்று முடிவானது. அதைக் கட்ட வாங்கிய கடன்களின் கடைசித் தவணை தீர்ந்தது 2010 அக்டோபரில். நாம் ஒன்றாம் வகுப்பில் அட்டெண்டன்ஸ் சொன்ன காலத்துக்குப் பக்கத்தில்!

நான்கு பேரரசுகள் மறைந்தன. போலந்து, செக்கோஸ்லோவாக்கியா போன்ற நாடுகள் வந்தன. துருக்கியோடு முடிவான அமைதி 1923 வரை வரவில்லை. போரைத் தடுக்க நாடுகளின் சங்கம் அமைத்தார்கள். அதை முன்மொழிந்த வில்சனின் அமெரிக்காவே அதில் சேரவில்லை. இந்தியாவுக்குக் கிடைத்தது ரௌலட் சட்டம். 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்.

இரண்டாம் உலகப் போருக்கு வெர்சாய் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. நடுவில் 1929 பொருளாதார வீழ்ச்சி இருக்கிறது, ஹிட்லரை வளரவிட்ட முடிவுகள் இருக்கின்றன. ஆனால் 1940 ஜூனில் பிரான்ஸ் தோற்றபோது, ஹிட்லர் அதே கம்பியேன் ரயில் பெட்டியை அருங்காட்சியகத்தில் இருந்து வெளியே எடுத்து, அதே இடத்தில் நிறுத்தி, அதற்குள் பிரான்ஸைக் கையெழுத்துப் போட வைத்தார். பழைய கணக்கு முடியவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

முடிக்கும் முன்

சுமார் 90 லட்சம் முதல் ஒரு கோடி வீரர்கள். பொதுமக்களையும் சேர்த்தால் அதைவிடப் பல லட்சம் அதிகம். நிறைய பேர் உங்கள் வயசு, என் வயசு.

இந்தப் போரை ஒரு கெட்டவன் மட்டும் ஆரம்பித்திருந்தால் நமக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அப்படி இல்லை. ஒவ்வொரு நாட்டிலும் திறமையானவர்கள், தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்பவர்கள் உட்கார்ந்து, மிகச் சரியான ரயில் அட்டவணை போட்டார்கள், மிகச் சரியான அம்மோனியா ஆலை கட்டினார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் டிஸ்டிங்ஷன் வேலை. எதிரி நாம் நினைத்தபடி நடக்காவிட்டால் என்ன, நடுவில் மனசு மாறினால் என்ன, முடிந்த பிறகு தோற்றவன் எப்படி வாழ்வான் என்ற கேள்விகளுக்கு மட்டும் யாரும் ஒரு பக்கம் ஒதுக்கவில்லை.

சில மாதத்தில் நாங்கள் கல்லூரியை விட்டுப் போகிறோம். என் கிளாஸில் ஒருத்தி ட்ரோன் கம்பெனிக்குப் போகிறாள், ஒருத்தன் கார் கம்பெனிக்கு, நான் ஆட்டோமேஷனுக்கு. எங்களில் யாரும் போர் தொடங்கப் போவதில்லை. ஆனால் ஏதாவது ஒரு பெரிய இயந்திரத்தின் ஒரு சின்னப் பாகத்தை நாங்கள்தான் செய்யப்போகிறோம்.

எங்கள் கன்வேயருக்கு அந்த இரவே ஒரு சிவப்பு பட்டன் வைத்தோம். செலவு நூற்றைம்பது ரூபாய். ரிவ்யூவில் அதற்கு மார்க் எதுவும் கிடைக்கவில்லை. ஆனா லேப் அண்ணன் வந்து ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். பெல்ட் நின்றது. தலையாட்டிவிட்டுப் போனார்.

நீங்களும் அடுத்த ப்ராஜெக்ட் ஆரம்பிக்கும்போது முதல் நாளே அவர் கேட்டதைக் கேளுங்கள். கேள்விகள், திருத்தங்கள் இருந்தால் கேன்டீனில் பிடித்துக் கேளுங்கள், டீ உங்கள் செலவு. மீண்டும் சந்திப்போம்!